துண்டிப்புக்கு ஒரு காரண எண்

வைஃபை இணைப்பை ஒரு தரப்பு முறித்துக்கொள்ளும்போது, காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் முறிக்க வேண்டும். 802.11 தரநிலையில் அப்படித்தான் விதி. ரூட்டரிலிருந்து மடிக்கணினிக்கோ, மடிக்கணினியிலிருந்து ரூட்டருக்கோ போகும் அந்தக் கடைசிச் செய்தியில் இரண்டு பைட் இடம் காரணத்துக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. 3 என்றால் அனுப்பியவர் கிளம்புகிறார். 4 என்றால் நெடுநேரம் பேச்சே இல்லாததால் கணக்கு முடிக்கப்பட்டது. 5 என்றால் இத்தனை பேரை ரூட்டரால் தாங்க முடியவில்லை. 15 என்றால் சாவி பரிமாறிக்கொள்ளும் நான்கு கட்ட நடைமுறை உரிய நேரத்துக்குள் முடியவில்லை. 1 என்றும் ஓர் எண் உண்டு. காரணம் குறிப்பிடப்படவில்லை என்பதே அதன் பொருள். சொல்ல விருப்பமில்லாதவர்கூட அதை ஓர் எண்ணாகச் சொல்லிவிட்டே போக வேண்டியிருக்கிறது.

நம் கைபேசிகள் இந்த எண்ணை வாங்கி உள்ளே வைத்துக்கொள்கின்றன. நமக்கு வந்துசேர்வது ‘இணைக்க முடியவில்லை’ என்ற ஒரு வரி. லினக்ஸ் போட்ட மடிக்கணினியில் டெர்மினலைத் திறந்து கெர்னல் லாகை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி எழுதிவைக்கும் நிகழ்வுக் குறிப்பைப் பார்த்தால் அந்த எண் இருக்கிறது. எந்த நொடியில், எந்த ரூட்டரோடு, என்ன காரணத்துக்காக என்று எழுதியிருக்கிறது. முறித்தது ரூட்டரா, இந்த இயந்திரமே எடுத்த முடிவா என்பதையும் அந்த வரி பிரித்துச் சொல்கிறது.

லினக்ஸில் வைஃபை தகராறு பண்ணும் என்று ஒரு பேர் இருக்கிறது. சும்மா வந்த பேரல்ல அது. பல வருடங்களாகத் தெரிந்தவர்களின் மடிக்கணினிகளை வாங்கிப் பார்த்துக் கொடுக்கிறவன் என்ற முறையில் அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தத் தகராறின் நடுவே உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் ஒன்றை உணர்ந்திருக்கிறேன். இணைப்பு அறுவது எரிச்சல். ஏன் அறுகிறது என்று தெரியாமலிருப்பது அவமானம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 4ஆம் பிரிவு, ஓர் அரசு அலுவலகம் தன் முடிவால் பாதிக்கப்படுகிறவருக்கு அதன் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. மனு தள்ளுபடியாவது ஒரு கஷ்டம். ஏன் தள்ளுபடியானது என்று தெரியாமல் அதே மனுவை எடுத்துக்கொண்டு அதே கவுண்டரில் மறுபடி போய் நிற்பது அதைவிடப் பெரிய கஷ்டம். லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளிடம் நான் எதிர்பார்ப்பது முதலில் இந்த 4ஆம் பிரிவைத்தான். வேகம், அழகு, வசதி எல்லாம் அப்புறம்.

பக்கத்து வீட்டுப் பெண் பொறியியல் படிக்கிறாள். கல்லூரி லேபுக்காகத் தன் மடிக்கணினியில் உபுண்டு லினக்ஸ் போட்டிருந்தாள். ஒருநாள் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“மாமா, போன்ல நல்லா வருது. லேப்டாப்புல மட்டும் விட்டு விட்டுப் போகுது. சிக்னல் ஃபுல்லா காட்டுது, நெட் வர மாட்டேங்குது.”

“பெரிய ஃபைல் ஏதாவது டவுன்லோடு போட்டா நடுவுல கட் ஆகுதாம்மா?”

கொஞ்சம் யோசித்தாள். “இல்ல மாமா, அது முழுசா எறங்கிடுது. பிடிஎஃப் படிச்சிட்டு இருப்பேன்ல, அப்பதான் போயிடுது. படிச்சு முடிச்சு ஏதாவது தேடலாம்னு பாத்தா நெட் இருக்காது.”

பாதி வேலை இந்தப் பதிலிலேயே முடிந்துவிட்டது. வேலை செய்யும்போது நிற்கிற இணைப்பு சும்மா இருக்கும்போது அறுகிறது என்றால், சுவரையும் தூரத்தையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. தூக்கத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

வைஃபை சிப் தூங்கும். பேட்டரியை மிச்சப்படுத்த அதற்கு அப்படி ஒரு ஏற்பாடு. தூங்கப் போவதற்கு முன் ரூட்டருக்கு அனுப்பும் செய்தியின் தலைப்பில் ஒரே ஒரு பிட்டை மாற்றி, நான் கண்ணயரப்போகிறேன் என்று சொல்லிவிடும். அதன்பின் இந்தக் கணினிக்கு வருகிற தகவல்களையெல்லாம் ரூட்டர் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளும். ரூட்டர் பொதுவாக 102.4 மில்லிநொடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு ஏறக்குறைய பத்து தடவை, பீக்கன் என்ற சிறு அறிவிப்பை எல்லோருக்கும் பொதுவாக ஒலிபரப்புகிறது. யார் யாருக்குச் சரக்கு காத்திருக்கிறது என்ற பட்டியல் அதில் இருக்கும். தூங்குகிற சிப் பீக்கன் வரும் நேரத்துக்குச் சரியாக விழித்து, பட்டியலில் தன் எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் கேட்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி தூங்கலாம். நாம் ஒரு பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் இந்த விழிப்பும் உறக்கமும் பல நூறு முறை நடந்து முடிந்திருக்கும்.

இதில் சிப்பின் கடிகாரமும் ரூட்டரின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். சிப்பை இயக்கும் நிரலான டிரைவரை எழுதியவர், அந்தச் சிப் விழிக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதைச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் பிந்தி விழித்தால் பீக்கன் போய்விடும். லினக்ஸில் பெரும்பாலான வைஃபை டிரைவர்களுக்குப் பொதுவான அடித்தளமாக இருக்கும் மேக்80211 என்ற பகுதி, இயல்பு அமைப்பில் ஏழு பீக்கன்கள் அடுத்தடுத்துத் தவறிப்போனால் சந்தேகப்படத் தொடங்குகிறது. ரூட்டர் இருக்கிறதா என்று கேட்டு ஒரு செய்தி அனுப்பும். அரை நொடிக்குள் பதில் வர வேண்டும். திரும்பத் திரும்பக் கேட்டும் வரவில்லையென்றால் இணைப்பை முறித்துக்கொள்ளும். அந்தப் பெண்ணின் லாகில் இருந்தது இதுதான்: 500 மில்லிநொடியில் ரூட்டரிடமிருந்து பதில் இல்லை, துண்டிக்கிறேன். ரூட்டர் அங்கேயேதான் இருந்தது. பீக்கனும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. கேட்க வேண்டிய நேரத்தில் இந்தப் பக்கம் காது மூடியிருந்தது.

தீர்வு ஒரே எழுத்துத்தான். இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜரின் அமைப்புக் கோப்புகளில் மின்சேமிப்புக்கென்று உள்ள வரியில் 3 என்று இருந்ததை 2 என்று மாற்றினோம். 3 என்றால் தூக்கத்துக்கு அனுமதி, 2 என்றால் இல்லை. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும். அதையும் அவளிடம் சொன்னேன். மாற்றம் செய்ததைவிட, லாகின் அந்த வரியை அவள் தானாகவே வாசித்துப் புரிந்துகொண்டதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. “அப்ப ரூட்டர் மேல தப்பு இல்லையா மாமா?” என்று கேட்டாள். வீட்டில் அதற்குள் புது ரூட்டர் வாங்கப் பேசிவிட்டிருந்தார்கள்.

சிக்னல் ஃபுல் என்று திரை காட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாலு கோடு, மூணு கோடு என்பது ஒவ்வொரு மென்பொருளும் தன் இஷ்டத்துக்கு வரைகிற படம். உண்மையான அளவு டெசிபல் மில்லிவாட் என்ற எதிர்மறை எண்ணில் வருகிறது. சுழியம் என்றால் ஒரு மில்லிவாட். மைனஸ் 60 என்றால் ஒரு நானோவாட். மைனஸ் 90க்கு இறங்கினால் ஒரு பிக்கோவாட், வாட்டின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. மைனஸ் 50இல் எல்லாம் சுகமாக நடக்கும், மைனஸ் 70இல் மூச்சு வாங்கும், 80ஐத் தாண்டினால் நின்றுவிடும். ஐடபிள்யூ என்ற சின்னக் கட்டளை இந்த எண்ணை அப்படியே தருகிறது. இந்த எண்ணோடு அறை அறையாக நடந்து பார்த்தவருக்குத் தன் வீட்டின் சுவர்கள் புதிதாகத் தெரியும். கான்கிரீட் தூணும் பீரோவும் குளியலறை ஓடும் எவ்வளவு விழுங்குகின்றன என்பது எண்களாகவே முன்னால் வந்து நிற்கும்.

காற்றிலும் நெரிசல்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாமல் பேசக்கூடிய 20 மெகாஹெர்ட்ஸ் தடங்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. அடுக்குமாடிக் குடியிருப்பில் முப்பது வீட்டு ரூட்டர்களும் அந்த மூன்றுக்குள்ளேயேதான் பிழைக்க வேண்டும். புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே பட்டைதான். யூஎஸ்பி 3 கதை இன்னும் விசித்திரம். அந்த வேகத்தில் தகவல் ஓடும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் பரவுகிறது என்று 2012இல் இன்டெல் நிறுவனமே அளந்து வெளியிட்டது. வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகியதும் வைஃபை படுத்துவிடுகிறது என்று சொல்கிறவர்களைப் பலர் நம்புவதில்லை. அவர்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம்.

இன்னொன்று: கைபேசிக்குத் தெரிகிற ரூட்டர் மடிக்கணினிக்குத் தெரியவே மாட்டேன் என்கிறதென்றால், ரூட்டர் தானாகவே 12ஆம் அல்லது 13ஆம் தடத்துக்குப் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் 13 வரை அனுமதி உண்டு, அமெரிக்காவில் வழக்கத்தில் 11 வரைதான். எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாத சிப் அமெரிக்கக் கணக்கையே பிடித்துக்கொண்டிருந்தால் 13இல் பேசுகிற ரூட்டர் அதற்கு இல்லாத ரூட்டர். விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் இயந்திரத்தில் விண்டோஸின் வேகத் தொடக்க வசதி சிப்பைப் பாதி உறக்கத்தில் விட்டுவிட்டுப் போவதும் உண்டு. முழுக்க அணைத்துவிட்டுப் போட்டால் சரியாகிவிடும்.

இவ்வளவும் தீர்க்கக்கூடியவை. ஆனால் லினக்ஸ் வைஃபைக்குக் கெட்ட பேர் வந்தது இவற்றால் அல்ல. சிப் செய்தவர்கள் பேச மறுத்ததால் வந்தது.

2000களின் முதல் பாதியில் விற்ற மடிக்கணினிகள் பலவற்றில் பிராட்காம் சிப். அதை எப்படி இயக்குவது என்ற ஆவணத்தை அந்த நிறுவனம் வெளியே தரவில்லை. அந்த வருடங்களில் லினக்ஸ் போட்டவர்களுக்கு நினைவிருக்கும்: டிரைவர் இறக்க இணையம் வேண்டும், இணையம் வர டிரைவர் வேண்டும். பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பென்டிரைவில் இறக்கிக்கொண்டு வருவோம். வந்து பார்த்தால் அது கேட்கிற இன்னொரு கோப்பு இருக்காது, மறுபடி போவோம். விண்டோஸுக்காக எழுதப்பட்ட டிரைவரையே லினக்ஸ் கெர்னலுக்குள் ஓட்டுகிற என்டிஐஎஸ்ராப்பர் என்ற மென்பொருளும் அப்போது இருந்தது. ஓடும், சில சமயம் மொத்த இயந்திரத்தையும் உறைய வைத்துவிடும். உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இந்த மௌனத்தை உடைக்கச் சிலர் 2005இல் கிளம்பினார்கள். அவர்கள் பின்பற்றிய முறையை நினைக்கும்போது இப்போதும் எனக்கு மரியாதை கூடுகிறது. இரண்டு குழுக்களாகப் பிரிந்துகொண்டார்கள். ஒரு குழு பிராட்காமின் மூடிய டிரைவரைப் பிரித்துப் படித்து, சிப் தனக்குள் இருக்கும் எந்தப் பதிவேட்டில் (ரெஜிஸ்டர்) எதை எதிர்பார்க்கிறது என்று வெறும் விவரணையாக எழுதிவைத்தது. இன்னொரு குழு மூல டிரைவரைக் கண்ணாலும் பார்க்காமல், அந்த விவரணையை மட்டும் வைத்துப் புதிதாக எழுதியது. எதையும் நகலெடுக்கவில்லை என்பதற்குச் சட்டத்தின் முன் நிற்கக்கூடிய ஏற்பாடு அது. 2006 ஜூனில் வந்த 2.6.17 கெர்னலில் அந்த டிரைவர் சேர்ந்தது. அதன்பிறகும் சிப்புக்குள் ஓடுகிற ஃபர்ம்வேரை மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுக்க உரிமை கிடைக்கவில்லை. ஆகவே ஒவ்வொருவரும் நிறுவனத்தின் டிரைவர் கோப்பைத் தாமே இறக்கி, அதிலிருந்து ஃபர்ம்வேரை வெட்டி எடுத்துக்கொள்வதற்கென்று ஒரு கருவியும் எழுதினார்கள். பிராட்காம் தானே ஒரு திறந்த டிரைவரை வெளியிட 2010 செப்டம்பர் வரை ஆயிற்று.

ஏதெரோஸ் சிப்பிலும் இதே கதை வேறு வகையில் நடந்தது. ஓப்பன்பிஎஸ்டி என்ற திறந்த இயங்குதளக் குழுவைச் சேர்ந்த ரெய்க் ஃப்ளோட்டர், மூடியிருந்த பகுதிக்கு மாற்றாகத் திறந்த நிரலை எழுதினார். லினக்ஸ்காரர்கள் அதை எடுத்துக்கொள்ளத் தயங்கினார்கள், திருட்டுப் பட்டம் வந்துவிடுமோ என்று. 2007இல் மென்பொருள் சுதந்திரச் சட்ட மையம் அதை ஆராய்ந்து தவறில்லை என்று சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. மறுவருடமே ஏதெரோஸ் தன் புதிய சிப்புகளுக்கு ஏடிஹெச்9கே என்ற திறந்த டிரைவரைத் தானே கொடுத்தது. பழைய மடிக்கணினியில் அந்தச் சிப் இருந்தால் அதைத் தூக்கிப்போடாதீர்கள் என்று இன்றும் சொல்வேன். அவ்வளவு நிதானமாக ஓடுகிற டிரைவர் அது.

இந்த வரலாற்றில் நான் அதிகம் யோசித்துப் பார்க்கிற மனிதர் லாரி ஃபிங்கர். அமெரிக்கர். கணினி அறிவியல் படித்தவரல்ல. வாஷிங்டனில் கார்னகி நிறுவனத்தின் புவி இயற்பியல் ஆய்வகத்தில் படிகவியலாளராக இருந்தவர். ராபர்ட் ஹேசனோடு சேர்ந்து படிகங்களின் ஒப்பீட்டு வேதியியல் பற்றி 1982இல் ஒரு நூல் எழுதியவர். எல் சால்வடோரின் இசால்கோ எரிமலையில், ஆவி கக்கும் வெடிப்புகளில் கிடைத்த ஒரு செம்பு, வனேடியக் கனிமத்துக்கு ‘ஃபிங்கரைட்’ என்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். பணி ஓய்வுக்குப் பிறகு அவர் எடுத்துக்கொண்ட வேலை லினக்ஸ் வைஃபை டிரைவர்கள். முதலில் பிராட்காம், பிறகு ரியல்டெக். கெர்னலில் அவர் பெயரில் 1,500க்கு மேற்பட்ட திருத்தங்கள் இருக்கின்றன.

படிகவியலாளர் அணுவைப் பார்ப்பதில்லை. படிகத்தின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, அது எந்தெந்தக் கோணத்தில் எவ்வளவு செறிவோடு சிதறுகிறது என்று அளந்து, அந்தப் புள்ளிகள் அப்படி விழ வேண்டுமானால் உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறார். கணக்கு தரும் வடிவமும் அளந்த செறிவும் ஒத்துப்போகும்வரை திருத்திக்கொண்டே இருக்கிறார். ஆவணமில்லாத சிப்புக்கு டிரைவர் எழுதுவதும் இப்படித்தான். உள்ளே பார்க்க முடியாது. இந்தப் பதிவேட்டில் இதை எழுதினால் அங்கே என்ன மாறுகிறது என்பது மட்டுமே கையிலிருக்கிற சாட்சி. வாழ்நாளில் பாதியைக் கல்லுக்குள் இருக்கும் ஒழுங்கை வெளியிலிருந்து ஊகிப்பதில் கழித்த ஒருவர், மலிவு மடிக்கணினிகளின் வைஃபை சிப்பிடம் வந்து சேர்ந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அவருடைய திருத்தங்களில் ஒன்றை மட்டும் கிட்டத்தில் காட்ட வேண்டும். ரியல்டெக்கின் ஆர்டிஎல்8723பிஇ என்ற சிப், விலை குறைந்த மடிக்கணினிகளில் ஏராளமாக வந்தது. சிப் பொருத்திய அட்டையில் ஆன்டெனா செருக இரண்டு இடங்கள் இருக்கும். மடிக்கணினி செய்தவர்களில் சிலர் செலவைக் குறைக்க ஒரே ஆன்டெனாவைப் பொருத்தினார்கள். அதிலும் தவறில்லை, ஒன்றே போதும். சிக்கல் என்னவென்றால், எந்தச் செருகலில் ஆன்டெனா இருக்கிறது என்று சிப்பின் நினைவகத்தில் எழுதிவைத்த குறிப்பு சில மாடல்களில் மாறிப்போயிருந்தது. ஆன்டெனா ஒரு பக்கம், சிப் செவி கொடுப்பது மறுபக்கம். அந்த மடிக்கணினியை வாங்கியவர் ரூட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாலும் தொலைவில் இருப்பவர்போலச் சிக்னல் தேய்ந்து வரும். ரூட்டரை மாற்றுவார், இடத்தை மாற்றுவார், உபுண்டுவை அழித்து மறுபடி போடுவார். எதனாலும் பலன் இருக்காது.

ஃபிங்கர் இதற்கு 2016இல் டிரைவரில் ஒரு சிறு விருப்பத்தைச் சேர்த்தார். பயனர் ஓர் எண் கொடுத்தால் டிரைவர் நினைவகக் குறிப்பை ஒதுக்கிவிட்டு அந்தச் செருகலில் கேட்கும். அதோடு அவர் எழுதிய விளக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. கணினியைக் கழற்றி ஆன்டெனா வயரை மாற்றிச் செருகலாமே என்ற கேள்விக்கு அவர் பதில்: கழற்றினால் சிலருக்கு உத்தரவாதம் போய்விடும், அதோடு, இரண்டு இயங்குதளமும் வைத்திருப்பவருக்கு விண்டோஸ் பக்கம் வைஃபை கெட்டுவிடும். முன்பின் தெரியாத ஒருவர் தன் மலிவு மடிக்கணினியின் உத்தரவாதத்தை இழக்கக்கூடாது, அவருடைய விண்டோஸும் ஓட வேண்டும் என்று யோசித்து எழுதிய நிரல் அது. அக்கறை என்பதை இவ்வளவு குறைந்த வரிகளில் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை. இந்தியாவிலும் அந்தச் சிப் உள்ள மடிக்கணினிகள் விற்றன. அந்த ஒரு வரியைக் கோப்பில் எழுதி மறுபடி இயக்கியதும் மைனஸ் எண்பதுகளில் கிடந்த எண் மைனஸ் ஐம்பதுக்கு ஏறுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். முப்பது டெசிபல் என்றால் ஆயிரம் மடங்கு.

ஃபிங்கர் 2024 ஜூன் 21 அன்று காலமானார். அவர் மனைவிதான் டிரைவர் எழுதுகிறவர்களின் மடற்குழுவுக்குச் செய்தி அனுப்பினார்.

இப்போது ரியல்டெக்கின் பொறியாளர்களே புதிய சிப்புகளுக்கு ஆர்டிடபிள்யூ88, ஆர்டிடபிள்யூ89 என்ற டிரைவர்களை நேரடியாகக் கெர்னலுக்கு எழுதுகிறார்கள். 2005இல் இருந்த நிலையை நினைத்தால் இது பெரிய மாற்றம். இருந்தும் காரணம் அறியும் உரிமை ஒரு வாசலில் போய் நின்றுவிடுகிறது. ஃபர்ம்வேர் என்பது சிப்புக்குள் இருக்கும் சிறு கணினியில் ஓடுகிற நிரல். டிரைவர் திறந்திருக்கிறது, ஃபர்ம்வேர் பெரும்பாலும் மூடியே இருக்கிறது. லாகில் சில நேரம் ‘ஃபர்ம்வேர் செயலிழந்தது, மறுபடி தொடங்குகிறேன்’ என்ற பொருளில் ஒரு வரியும், அதன் கீழே பதினாறடிமான எண்களின் நீண்ட வரிசையும் வரும். அந்த எண்களின் பொருள் சிப் செய்தவருக்கு மட்டும்தான் தெரியும். நாம் அதை வெட்டி ஒட்டி அனுப்பலாம், காத்திருக்கலாம்.

டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டை உருவாக்குகிறவர்கள் இந்த வாசலில் பத்து வருடத்துக்கும் மேலாக வாதாடினார்கள். 2011இல் வந்த பதிப்பில் மூடிய ஃபர்ம்வேர் கோப்புகளைக் கெர்னலிலிருந்து பிரித்து ஒதுக்கினார்கள். கொள்கைக்கு நேர்மையாக இருந்தார்கள்; ஆனால் புதிதாக நிறுவுகிறவர் பாதி வழியில் வைஃபை இல்லாமல் நின்றார். 2022இல் வாக்கெடுப்பு வைத்து, அதிகாரபூர்வ நிறுவியிலேயே அவற்றைச் சேர்ப்பது என்று முடிவெடுத்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 அப்படித்தான் வந்தது. அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். முதல் நாளே வைஃபை வராமல் திரும்பிப் போகிறவருக்குச் சுதந்திரத்தைப் பற்றிப் பேச நமக்கு இரண்டாவது நாள் கிடைப்பதில்லை. ஆனால் அதை ஒரு சமரசம் என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் செய்ய வேண்டும், டெபியன் அப்படித்தான் செய்தது. ஃபர்ம்வேரையும் திறக்க முடியும் என்பதற்குச் சான்று இல்லாமலும் இல்லை. ஏதெரோஸின் ஏஆர்9271 என்ற யூஎஸ்பி சிப்புக்கு ஃபர்ம்வேரின் மூல நிரலே வெளியே இருக்கிறது. யாரும் வாசிக்கலாம், திருத்தலாம்.

தமிழ்நாட்டில் இந்த விஷயம் ஒருசில ஆர்வலர்களின் பொழுதுபோக்கு அல்ல. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய போஸ் லினக்ஸும் விண்டோஸோடு சேர்ந்தே கொடுக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்த எத்தனையோ பிள்ளைகள் முதன்முதலாகத் தொட்ட சொந்தக் கணினி அது. அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கு வைஃபை அறுந்தபோது, அதன் காரணம் அந்த இயந்திரத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது என்று யாராவது சொன்னார்களா? கணியம் போன்ற இதழ்கள் 2012 முதல் தமிழில் லினக்ஸைச் சொல்லிக்கொடுத்து வருகின்றன. அவை எட்டிய இடங்களில் சொல்லியிருப்பார்கள். எட்டாத இடங்களில் கடைக்காரர் போஸை அழித்துவிட்டு, இனிமேல் தொந்தரவு இருக்காது என்று சொல்லி அனுப்பியிருப்பார்.

புகார் எழுதவும் கற்றுக்கொடுக்க வேண்டும். ‘வைஃபை சரியில்லை’ என்று எழுதினால் உலகின் மறுமூலையில் டிரைவர் எழுதுகிறவரால் ஒன்றும் செய்ய முடியாது. கெர்னல் பதிப்பு, சிப்பின் அடையாள எண், அறுந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் உள்ள லாக் வரிகள், அப்போது கணினி சும்மா இருந்ததா வேலையிலிருந்ததா, எந்தப் பதிப்புவரை நன்றாக இருந்தது: இவ்வளவும் இருந்தால் அது ஒரு சாட்சியம். ரூட்டரின் அடையாள எண்ணை மட்டும் மறைத்துவிட வேண்டும், அதை வைத்து வீட்டின் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்க முடியும். பக்கத்து வீட்டுப் பெண் தன் சிப்பின் தூக்கச் சிக்கலை இப்படி எழுதி அனுப்பினாள். அவள் ஆங்கிலம் தடுமாறியது, லாக் தடுமாறவில்லை. கூடுதல் விவரம் கேட்டு ஒருவர் பதில் எழுதினார்.

கடையில் போய் மடிக்கணினிப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பிராசசரின் பெயர் இருக்கும், ராம் எவ்வளவு என்று இருக்கும், திரை எத்தனை அங்குலம் என்று இருக்கும். வைஃபை சிப்பின் பெயர் அநேகமாக இருக்காது, அதன் தலைமுறையைச் சொல்லும் எண்ணோடு நிறுத்திவிடுவார்கள். கடைக்காரருக்கும் தெரியாது. ஒரே மாடல் எண்ணுக்குள் ஒரு தொகுப்பில் ஒரு சிப்பும் அடுத்த தொகுப்பில் வேறொரு சிப்பும் வருவதுண்டு. தனியாளாக நாம் கேட்டால் பதில் கிடைக்காமல் போகலாம். ஆயிரக்கணக்கில் வாங்குகிற அரசுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரிக்கும் பதில் சொல்லியே ஆக வேண்டும். டெண்டர் நிபந்தனைகளில் மூன்று வரி சேர்த்தால் போதும்: வைஃபை சிப்பின் முழுப்பெயர் என்ன, அதன் டிரைவர் எந்தக் கெர்னல் பதிப்பிலிருந்து உள்ளது, ஆன்டெனா எந்தச் செருகலில் பொருத்தப்பட்டிருக்கிறது.